கலாமன்றத்துக்குக் காணி கொடுக்கப் போகிறீர்களா? சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் கலாமன்றத்தின் பதிவுச் சான்றிதழ், லாமினேற் பண்ணியது. இரண்டு பரப்புக் காணியில் முப்பது வருடமாகக் கூத்துப் பழக்கிய கொட்டகை அந்த மன்றத்தினுடையது. காணி கொடுத்தவரின் பேரன் வெளிநாட்டிலிருந்து வந்து, கதியாலைப் பிடுங்கித் தகரம் அடைத்துவிட்டார். "எங்களிட்டைப் பதிவு இருக்குத்தானே தம்பி" என்றார். காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எங்கே என்று கேட்டேன். காணி கொடுத்த பெரியவர் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றை நீட்டினார். "மன்றம் பாவித்துக்கொள்ளலாம்" என்று இருந்தது.

அந்தக் கடிதம் இல்லாவிட்டால்கூட நல்லது. பத்து வருடத்துக்கு மேல் உரிமையோடு ஆண்டோம் என்று வழக்காட ஒரு வழி இருந்திருக்கும். இப்போது, அனுமதியின் பேரில்தான் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

இலங்கையில் பிரதேச செயலகத்தில் மன்றத்தைப் பதிவது உதவித்தொகைக்கும் விழாக்களுக்கும் போட்டிகளுக்கும் உதவும். அவ்வளவுதான். அது மன்றத்தைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக்காது. தலைவர், செயலாளர், பொருளாளரை நம்பிக்கைப் பொறுப்பாளர் (பிறர் நன்மைக்காகச் சொத்தைத் தன் பேரில் வைத்திருப்பவர்) ஆக்காது. பொறுப்பாளர்களை உண்டாக்குவது தருமசாதன உறுதி, அதாவது ஒரு பொது நோக்கத்துக்கென்று சொத்தை ஒப்படைக்கும் பத்திரம். அதற்கான சட்டம் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். கோயில்களுக்கு இதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறோம். கலாமன்றம் என்றால் மட்டும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம்.

காணி என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. மத்தளம், ஆர்மோனியம், உடுப்புப் பெட்டி போன்றவற்றைப் பொறுப்பாளர் கையில் கொடுத்தாலே போதும். ஆனாலும் ஒரு பட்டியல் எழுதிக் கையொப்பம் வாங்கி வையுங்கள். பிறகு "அது என்ரை மாமாவின்ரை மத்தளம்" என்று ஒருவர் வருவார். வந்திருக்கிறார்கள்.

இனி உறுதியில் இருக்கும் பொறிகள். "இன்ன கலாமன்றத்துக்கு" என்று மன்றத்தின் பெயருக்கு எழுத விடாதீர்கள். கூட்டிணைக்கப்படாத, அதாவது சட்டப்படி தனி ஆளாக்கப்படாத, மன்றம் காணி வைத்திருக்க முடியாது. பொறுப்பாளர்களின் முழுப்பெயர்களுக்கு, "பொறுப்பாளர்கள் என்ற வகையில்" என்றும், என்ன நோக்கத்துக்கு என்றும் எழுத வேண்டும். நோக்கத்தில் "நாடகம் போடுதல்" என்று மட்டும் எழுதினால் உறுப்பினரின் பொழுதுபோக்குக் கழகம் என்று வாதாட இடம் வரும். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலை கற்பித்தல், பொதுமக்களுக்கு அளித்தல் என்று விரித்து எழுதுங்கள். கல்வியையும் அறிவையும் வளர்ப்பதைச் சட்டம் தருமமாகவே கொள்கிறது.

காணி கொடுப்பவர் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு) உட்பட்ட திருமணமான பெண் என்றால், அது அவருடைய சீதனக் காணியே ஆனாலும், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது. கணவர் இருக்கும் இடம் தெரியாது, கைவிட்டுப் போய்விட்டார் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி எடுக்கலாம். போர் தின்ற எங்கள் ஊர்களில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. சம்மதமில்லாமல் எழுதிய உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடம் கட்டத் தொடங்காதீர்கள்.

உறுதி முடிந்ததும் காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா என்று நீங்களே போய்ப் பாருங்கள். "நொத்தாரிசு பார்த்துக்கொள்வார்" என்ற நம்பிக்கையில் பதியாமல் கிடந்து, அதே காணிக்குப் பிறகு எழுதிய உறுதி முந்திப் பதிவாகி நிற்கும் கதை யாழ்ப்பாணத்தில் புதிதல்ல.

யாரைப் பொறுப்பாளராகப் போடுவது? பெரும்பாலும் கூட்டத்தில் முன்வரிசை வாங்கில் இருப்பவர்களைப் போடுகிறோம். மூன்று பேர், மூவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். ஒருவர் இறந்தால், விலகினால், நாட்டை விட்டுப் போனால் அடுத்தவரை யார், எப்படி நியமிப்பது என்று உறுதியிலேயே எழுதாவிட்டால், கடைசியில் மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். கனடாவில் இருக்கும் பெரிய கொடையாளரை மரியாதைக்காகப் போடுவதும் வினைதான். உறுதி வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் பொறுப்பாளர் எல்லோரும் சேர்ந்தே செயற்பட வேண்டும். அவர் மருமகனுக்கு அற்றோணி (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்து ஒப்புக்கு இருக்கலாம் என்று நினைக்கிறார். பொறுப்பை அப்படிக் கைமாற்ற முடியாது. அவருக்குப் போஷகர் என்ற பட்டம் கொடுத்து மாலை போடுங்கள், உறுதியில் பெயர் வேண்டாம்.

நடன ஆசிரியையைப் பொறுப்பாளராக்கினால், அவர் எடுக்கும் சம்பளத்துக்கு உறுதியில் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் கணக்குக் கேட்கும்போது, நேர்மையாக உழைத்த பெண் கள்ளி ஆகிவிடுவார்.

அலுவலகங்களுக்கு வருவோம். கலாசார உத்தியோகத்தரிடம் போனால் யாப்பும் (மன்றத்தின் விதிகள்) கூட்ட அறிக்கையும் கிராம அலுவலரின் சிபாரிசும் கேட்பார். கிராம அலுவலர் "முதலிலை பதிவைக் காட்டுங்கோ" என்பார். வெளிநாட்டுக் காசு வருகிறது என்று வாய்தவறிச் சொன்னால் அரசசார்பற்ற நிறுவனப் பகுதிக்கு அனுப்புவார்கள். அங்கே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தொண்டர் சமூகசேவை அமைப்புகள் சட்டத்தை எடுத்து வைப்பார்கள். அந்தச் சட்டம் ஏழைகள், நோயாளர், அநாதைகள், அனர்த்த நிவாரணம் என்று பேசுகிறது. கூத்துப் பழக்குவது அதற்குள் எங்கே வரும் என்று ஒருவரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "கலாசாரப் பகுதியிலை கேட்டுப் பாருங்கோ." நீங்கள் தொடங்கிய கதிரைக்கே திரும்பி வந்திருப்பீர்கள்.

வாயால் கேட்பதை நிறுத்துங்கள். தமிழில் கடிதம் எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம், எந்தச் சுற்றறிக்கையின்படி மறுக்கிறீர்கள் என்று கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானித்தாக வேண்டும். காணாமற்போன பைல்கள் இந்தக் கடிதத்துக்குப் பிறகு மேசையில் தோன்றியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

காசை ஒருவரின் சொந்தக் கணக்கில் வைக்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதரானாலும். அவர் இறந்தால் அது அவருடைய முதுசமாகத்தான் வங்கிக்குத் தெரியும். கொடையாளரிடம் வரிக்கழிவு கிடைக்கும் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். எங்கள் வருமான வரிச் சட்டத்தில் அந்தச் சலுகை நோயாளரையும் தேவையுடையோரையும் வைத்துப் பராமரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களுக்குத்தான்.

பொறுப்பாளரே மண்டபத்தைத் தன் தம்பிக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டால்? தருமசாதனம் ஒழுங்காக இருந்தால், அதில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஐந்து என்பது சின்ன எண்ணாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு மன்றத்தில் இரவு பன்னிரண்டு மணிவரை கூட்டம் வைத்து, தேத்தண்ணி மூன்று முறை ஊற்றி, நாலு பேரிடம் கையொப்பம் எடுத்தார்கள். ஐந்தாவது ஆள், "அவர் எங்களுக்குச் சம்பந்தி முறை" என்று பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிடங்கில் இன்னும் சீமெந்துப் பைகள்தான் கிடக்கின்றன.