வாரண்ட் இல்லாத சோதனை: மேல்முறையீட்டில் எது எடுபடும்?

"வாரண்ட்டே இல்லாம வீட்டுக்குள்ள புகுந்து எடுத்தாங்க சார், இது செல்லுமா?" கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவரின் குடும்பத்தார் தீர்ப்பு நகலோடு வரும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். அந்த ஒன்றை மட்டும் நம்பி உயர் நீதிமன்றம் போகாதீர்கள் என்பேன். 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். எனும் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே வாரண்ட் இல்லாமல் சோதனையிடும் அதிகாரத்தைப் போலீசாருக்குத் தந்திருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்தது என்பதற்காகவே சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது என்று 1973-இல் பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் கையில் மிஞ்சுவது, அந்த அதிகாரத்தோடு சேர்த்துச் சட்டம் விதித்த கட்டாய நிபந்தனைகள்தான்.

அதனால் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி, பொருளை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது.

வீட்டுக்குள் என்றால் பிரிவு 42. ரகசியத் தகவல் வந்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அதன் நகல் மேலதிகாரிக்குப் போக வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு நுழைந்தால், வாரண்ட் வாங்கக் காத்திருக்க முடியாததற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த விளக்கம் இருந்தால் ஏற்கலாம், அறவே செய்யாமல் விட்டதை ஏற்க முடியாது என்பது 2009 கர்நைல் சிங் தீர்ப்பு. பேருந்து நிலையம், தெரு போன்ற பொது இடமென்றால் பிரிவு 43. அங்கே இந்த எழுத்து வேலை தேவையில்லை.

சட்டைப் பையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எடுத்திருந்தால் பிரிவு 50. அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2014 பரமானந்த் வழக்கில், பிடிபட்ட இருவருக்கும் சேர்த்து ஒரே அறிவிப்பு கொடுத்ததும், சோதனைக் குழுவில் இருந்த அதிகாரியையே மூன்றாவது வாய்ப்பாகச் சொன்னதும் தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கையில் இருந்த பைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2005 பவன் குமார் தீர்ப்பு அது.

பத்தாண்டு, இருபதாண்டு சிறை விதிக்கும் சட்டத்தில் இவற்றை வெறும் நடைமுறைக் குறை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

மேல்முறையீட்டில் சாதாரணமாகப் புதுச் சாட்சி வராது. விசாரணை நீதிமன்றத்தில் பதிவானதுதான் மூலதனம். ஆகவே தீர்ப்பை மட்டும் கொண்டுவராதீர்கள். சாட்சிகளின் வாக்குமூலம், குறுக்கு விசாரணை, பறிமுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதைச் சம்பவ இடத்தில் எழுதும் பத்திரம்), பிரிவு 50 கடிதம், 42-இன் தகவல் அறிக்கை எல்லாம் வேண்டும். நான் முதலில் பார்ப்பது நேரங்களை. தகவல் எத்தனை மணிக்கு வந்தது, மேலதிகாரி எப்போது கையெழுத்திட்டார், ஆவணங்கள் எப்போது நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தன? எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே சம்பவ இடத்தில் எழுதியதாகச் சொல்லும் மகஜரில், எஃப்.ஐ.ஆர். பதிவானால்தான் கிடைக்கும் குற்ற எண் எப்படி வந்தது? "எனக்கு அந்த உரிமை வேண்டாம், நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்" என்ற வரி காவலரின் கையெழுத்திலேயே எழுதப்பட்டு, கீழே ஒப்பம் மட்டும் வாங்கியிருக்கிறதா? அந்த மேலதிகாரியைச் சாட்சியாக விசாரித்தார்களா? இவற்றைக் குறுக்கு விசாரணையில் கேட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் வாதம் பலப்படும். விசாரணை இன்னும் முடியாத குடும்பங்கள் இன்றே தங்கள் வக்கீலிடம் இதைப் பேச வேண்டும்.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம். காலம் கடந்திருந்தாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்க மனுப் போடலாம். தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும்போது பிடிபட்ட பொருளின் அளவு முக்கியம். கஞ்சாவில் 20 கிலோ வணிக அளவு. அதைத் தாண்டினால் ஜாமீனுக்குப் பிரிவு 37 விதிக்கும் கடுமையான நிபந்தனைகள் குறுக்கே நிற்கும்.

வக்கீல் வைக்க நிலத்தை விற்கக் கிளம்பும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. காவலில் இருப்பவர் எவருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கும்.