ஆறு திரும்பி வராது, காரை எங்கே விடுவது?

"அண்ணை, கரடி வருமோ?" கனூ என்ற துடுப்புப் படகில் போகிற பயணத்துக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காரை எங்கே விடுவது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்காவுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகிற எனக்குக் கரடியால் வந்த தொல்லையைவிடக் காரால் வந்த தொல்லைதான் அதிகம்.

ஏரிகளைச் சுற்றிப் புறப்பட்ட துறைக்கே வருகிற பயணம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. நெடுஞ்சாலை 60 பக்கம் கனூ லேக்கில் விட்ட கார் அங்கேயே நிற்கும். ஆற்றுப் பயணம் வேறு கதை. பெற்றவாவா ஆற்றை எடுங்கள். வடக்கே பிரென்ட் என்ற இடத்தில் சீடர் ஏரியில் இறங்கி, கிழக்கே மக்மானஸ் ஏரியில் கரையேறுவது ஒரு வழி. வரைபடத்தில் பார்த்தால் ஒரு சாண்தான். றோட்டால் போனால் தெரியும்: பிரென்ட்டிலிருந்து நெடுஞ்சாலை 17க்கு வெளியே வர 40 கிலோமீற்றர் கிறவல், பிறகு கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், அப்புறம் பெரன் கன்யன் றோட்டால் திரும்பவும் காட்டுக்குள். மக்மானஸையும் தாண்டி ஆற்றோடு போய் வசதியான இடத்தில் ஏறலாம் என்று நினைக்க வேண்டாம். கீழே இருப்பது இராணுவப் பயிற்சி நிலம்.

இரண்டு கார் வைத்திருக்கிறவர்கள் ஒன்றை முடிவில் விட்டு, மற்றதில் எல்லோரும் தொடக்கத்துக்குப் போவார்கள். சரிதான். ஆனால் கடைசி நாள், நனைந்த உடுப்போடும் வலிக்கிற தோளோடும், யாரோ ஒருவர் பிரென்ட்டுக்குத் திரும்பிப் போய் மற்றக் காரை எடுக்க வேண்டும். போய்ச் சேர இருட்டிவிடும். அந்த நேரம்தான் மூஸ் என்ற பெரிய மான் றோட்டுக்கு வரும்.

அதனால் நான் ஒன்றில் பிடிவாதம். காசு கொடுத்தாவது, பயணம் தொடங்கும் முன்பே காரை முடிவில் விட்டுவிட்டு, அங்கிருந்து வேறொருவரின் வாகனத்தில் தொடக்கத்துக்குப் போக வேண்டும். கனூ வாடகைக்கு விடுகிற இடங்களில் இந்த ஷட்டிலும் பல நேரம் கிடைக்கும். முடிவு நாளில் வந்து ஏற்றுங்கள் என்று சொல்லி வைக்காதீர்கள். சீடர் ஏரியில் காற்று எழுந்தால் ஒரு நாள் முழுக்கக் கரையில் குந்தியிருக்க வேண்டிவரும், கைத்தொலைபேசியும் எடுக்காது. உங்கள் கார் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கும், ட்றைவர் காத்திருக்க மாட்டார்.

கார்த் திறப்பு விஷயம் ஒன்று. ஒரு மே மாதம் மக்மானஸில் கரையேறி, பைகளை எல்லாம் காருக்குப் பக்கத்தில் அடுக்கிய பிறகுதான் என் நண்பர் சட்டைப்பையைத் தடவினார். திறப்பு, பிரென்ட்டில் நின்ற மற்றக் காருக்குள், அவருடைய ஜாக்கெற்றில். கருப்பு ஈக்கள் காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் வழிய, மூன்று மணிநேரம் இருந்தோம். வேறொரு குழு வந்து ஏற்றியது. இப்போதெல்லாம் இறங்குகிற கரையில் கார்க் கதவைப் பூட்டுமுன் திறப்பை எடுத்துக் காட்டச் சொல்வேன். சின்னப்பிள்ளைகளைக் கேட்பதுபோல இருக்கும். பரவாயில்லை.

கிறவல் றோட்டில் மரம் ஏற்றிய ட்றக் வரும், பூங்காவுக்குள் இன்னும் மரம் தறிக்கிறார்கள். வளைவில் நடு றோட்டைப் பிடிக்காதீர்கள். அந்தக் குலுக்கலில் கனூவைக் கட்டிய பட்டி தளரும். பத்து நிமிடத்தில் ஒருமுறை இறங்கி இழுத்துப் பாருங்கள், மூக்குக்கும் வாலுக்கும் தனிக் கயிறு போடுங்கள். ஸ்பெயார் ரயரில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பெற்றோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்பிவிடுங்கள். வசந்தத்தில் பனி உருகி றோட்டை அரித்திருக்கும், புறப்படுமுன் பூங்காவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கள்.

வீட்டில் மனைவியிடம் நான் ஒரு தாள் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஆற்றின் பெயர் அதில் இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரி: எந்தக் கார், என்ன நம்பர், எந்தக் கரையில் நிற்கிறது.