பையைத் தூக்கிப் போடாதீர்கள்: அமெரிக்காவில் நாய், பூனை உணவைத் திரும்பப் பெறும் விதிகள்

நாய்க்கு வாங்கிய உணவுப் பை வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் அதைக் கிழித்து, உள்ளே இருப்பதை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிவிடுவோம். பை குப்பைக்குப் போய்விடும். டப்பாவுக்குள் எறும்பு வராது, பார்க்கவும் அடக்கமாக இருக்கும். ஆனால் அந்த உணவில் நஞ்சு கலந்திருக்கிறது என்று அடுத்த மாதம் செய்தி வந்தால், உங்கள் வீட்டில் இருப்பது அந்தச் சரக்குதானா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பையில் அச்சிட்டிருந்த லாட் எண், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான சரக்குக்கு ஆலை கொடுக்கும் குறியீடு, ஒன்றுதான் அதைச் சொல்லும். நிறுவனமும் அரசும் புகாரை விசாரிக்கும்போது முதலில் கேட்பதும் அதைத்தான். அமெரிக்காவில் நாய், பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கிறார்கள் என்பதால் அரசு அதைச் சோதித்து அனுமதி கொடுத்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 1938-ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம் மனிதர் உணவுக்குச் சொல்வதையே விலங்கு உணவுக்கும் சொல்கிறது. உண்ணத் தக்கதாக இருக்க வேண்டும், சுத்தமான இடத்தில் தயாராக வேண்டும், கேடு செய்யும் பொருள் இருக்கக் கூடாது, லேபிளில் பொய் இருக்கக் கூடாது. இதைக் கவனிப்பது எஃப்டிஏ எனப்படும் உணவு மருந்து நிர்வாகம். மாநில வேளாண்மைத் துறைகளும் மாதிரி எடுத்துச் சோதிக்கின்றன. ஆனால் ஒரு புதிய நாய் உணவை விற்கத் தொடங்கும் முன் எஃப்டிஏவிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. பையின் பின்பக்கம் ஆஃப்கோ என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கம். எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று அது வரையறை வகுக்கிறது, அவ்வளவுதான். எந்த உணவையும் அது சோதிப்பதில்லை, சான்றிதழ் தருவதுமில்லை.

2007-இல் நடந்தது

இன்றைய விதிகள் பலவற்றுக்கும் விதை போட்டது 2007 மார்ச்சில் வெளியே வந்த ஒரு விவகாரம். கனடாவின் மெனு ஃபுட்ஸ், மற்ற கம்பெனிகளுக்கு டின் உணவு தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம். அதன் ஆலைகளில் தயாரான கறித்துண்டும் குழம்பும் 90-க்கும் மேற்பட்ட பிராண்டுகளின் பெயரில் கடைக்குப் போயின. மலிவான டின்னும் விலை உயர்ந்த டின்னும் ஒரே இடத்தில் தயாரானவை என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் புகார் அந்த நிறுவனத்துக்கு வந்தது பிப்ரவரி 20 அன்று. அப்புறம் அவர்களே நடத்திய சோதனையில் அந்த உணவைச் சாப்பிட்ட பூனைகள் செத்தன. மார்ச் 16 அன்று 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இடையில் போன மூன்று வாரத்துக்கும் மேல், ஒன்றும் தெரியாமல் வீடு வீடாக அதே டின்னைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

சிறுநீரகம் செயலிழந்துதான் விலங்குகள் செத்தன. காரணம் எலி மருந்தாக இருக்கலாம் என்று ஓர் ஆய்வகம் முதலில் சொன்னது, அது உறுதியாகவில்லை. மார்ச் 30 அன்று எஃப்டிஏ மெலமைன் என்று அறிவித்தது. பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் ரசாயனம் அது. குழம்பைக் கெட்டியாக்கச் சேர்த்த கோதுமைப் புரதத்தில், அதாவது குளூட்டனில், அது இருந்தது. குளூட்டன் வந்தது சீனாவிலிருந்து.

ரசாயனத்தை ஏன் கலந்தார்கள்? புரதத்தின் அளவைக் கணக்கிடும் வழக்கமான சோதனை, உண்மையில் புரதத்தை அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, ஏறக்குறைய ஆறேகால் மடங்காகப் பெருக்கிப் புரதம் என்று எழுதிக்கொள்ளும். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிலோ மெலமைனைக் கலந்தால் சோதனைக் காகிதத்தில் நாலு கிலோ புரதம் கூடியதுபோலக் காட்டும். குளூட்டன் என்று விற்றது உண்மையில் கோதுமை மாவு. புரதம் குறைந்த மாவுக்குப் புரதத்தின் விலை. மெலமைன் மட்டும் என்றால் இவ்வளவு கேடு செய்திருக்காது. கூடவே சயனூரிக் அமிலம் என்ற இன்னொரு ரசாயனமும் இருந்தது. இரண்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் சேர்ந்து படிகமாகி அடைத்துக்கொண்டன.

உரிமையாளர்கள் எஃப்டிஏவுக்குத் தெரிவித்த சாவுகள் 4,000-ஐத் தாண்டின. உறுதி செய்ய முடிந்தவை மிகக் குறைவு. செத்த நாயையும் பூனையையும் கணக்கெடுக்க ஒரு பதிவேடு அந்த நாட்டில் இல்லை. அடுத்த ஆண்டே சீனாவில் இதே மெலமைன் குழந்தைகளுக்கான பால் மாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 6 குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நாய்க்கும் பூனைக்கும் நடந்ததை உலகம் இன்னும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சட்டத்தில் என்ன மாறியது

2007 செப்டம்பரிலேயே எஃப்டிஏ பற்றிய திருத்தச் சட்டம் வந்தது. அதன் வழியே 2009-இல் ஒரு பதிவேடு தொடங்கியது. தன் சரக்கு மனிதருக்கோ விலங்குக்கோ கடும் பாதிப்பையோ சாவையோ உண்டாக்கக்கூடும் என்று ஒரு ஆலைக்குத் தெரியவந்தால், 24 மணி நேரத்துக்குள் எஃப்டிஏவுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

2011 ஜனவரி 4 அன்று கையெழுத்தான உணவுப் பாதுகாப்பு நவீனமயமாக்கல் சட்டம் இன்னும் முக்கியமானது. அதற்கு முன்பு நாய் உணவைத் திரும்பப் பெறும்படி எஃப்டிஏ கேட்டுக்கொள்ளலாம், அழுத்தம் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம். தானே உத்தரவிட முடியாது. இப்போது முடியும். ஆனாலும் முதலில் நிறுவனம் தானாகத் திரும்பப் பெற ஒரு வாய்ப்புக் கொடுத்து அறிவிப்பு அனுப்ப வேண்டும், மறுத்தால்தான் உத்தரவு. அந்த முதல்கட்ட அறிவிப்பு முதன்முதலில் போனதே ஒரு நாய்த் தின்பண்ட நிறுவனத்துக்குத்தான். 2013-இல் கொலராடோவின் காசெல் அசோசியேட்ஸ் இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த தின்பண்டங்களில் சால்மோனெல்லா கிருமி இருந்தது. அறிவிப்புக்குப் பின் நிறுவனமே திரும்பப் பெற்றது. நடைமுறையில் நாம் கேள்விப்படும் ரீகால், அதாவது திரும்பப் பெறும் அறிவிப்புகள் ஏறக்குறைய எல்லாமே நிறுவனமே முன்வந்து செய்பவைதான்.

2015-இல் வந்த விதி ஆலைக்குள்ளேயே நுழைகிறது. எந்த மூலப்பொருளில் என்ன ஆபத்து இருக்கிறது என்று ஆலை எழுதி வைக்க வேண்டும், அதைத் தடுக்கும் வழியையும் எழுத வேண்டும், மூலப்பொருள் தருபவரைச் சரிபார்க்க வேண்டும். சரக்கு கெட்டால் யாருக்கு எப்படிச் சொல்வது, திரும்ப வந்ததை என்ன செய்வது என்ற திட்டம் முன்கூட்டியே காகிதத்தில் இருக்க வேண்டும்.

ரீகாலில் மூன்று வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பு என்றால் கடும் பாதிப்போ சாவோ நேரலாம். இரண்டாவதில் பாதிப்பு தற்காலிகமானது. மூன்றாவதில் உடல்நலக் கேடு வர வாய்ப்பில்லை. வகுப்பை அறிவிக்கச் சில வாரங்கள் ஆகலாம், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். லாட் எண் பொருந்தினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பையில் இருந்த 05

லாட் எண் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 2020 இறுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் நிறுவனம் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற உலர் உணவின் சில லாட்களை டிசம்பர் 30 அன்று திரும்பப் பெற்றது. உணவில் இருந்தது அஃப்ளடாக்சின். ஈரமான சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் பூஞ்சையின் நஞ்சு அது. சமைத்தாலும் போகாது, உணவைப் பார்த்தால் பூஞ்சை இருப்பதும் தெரியாது. அனுமதித்த அளவு நூறு கோடியில் 20 பங்கு. மிசௌரி வேளாண்மைத் துறையின் சோதனையில் 558 வரை வந்தது.

ஜனவரி 11 அன்று பட்டியல் பெரிதானது. 2022 ஜூலை 9-க்குள் காலாவதியாகும், சோளம் சேர்ந்த, ஓக்லஹோமா ஆலையில் தயாரான எல்லா உணவும் அதில் வந்தன. இதை வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது? பையின் பின்பக்கம் மூன்று வரியில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். அதில் காலாவதித் தேதியும், அதை ஒட்டி 05 என்ற இரண்டு இலக்கமும் இருந்தன. அந்த 05-தான் ஓக்லஹோமா ஆலை. அதே பெயர், அதே படம் போட்ட இன்னொரு பையில் 05 இல்லையென்றால் அது பட்டியலில் இல்லை. ஜனவரி 21-க்குள் 110-க்கும் மேற்பட்ட நாய்கள் செத்ததாகவும் 210-க்கும் மேற்பட்டவை நோயுற்றதாகவும் எஃப்டிஏ சொன்னது.

நாம் ஒருவேளை இட்லி, ஒருவேளை சோறு என்று மாற்றிச் சாப்பிடுகிறோம். நாய் தினமும் அதே பையிலிருந்துதான் சாப்பிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வரும் நஞ்சும் அதன் உடம்பில் சேர்ந்துவிடும். சோர்வு, சாப்பிடாமல் இருப்பது, வாந்தி, கண்ணும் ஈறும் மஞ்சளாவது, காரணமில்லாமல் ரத்தக்கசிவு, இவற்றில் எதைக் கண்டாலும் உணவை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். போகும்போது பையின் படத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

உலர் உணவை அதன் பையிலேயே வைத்திருங்கள் என்பதுதான் எஃப்டிஏவின் அறிவுரையும். டப்பா வேண்டுமென்றால் பையோடு அப்படியே டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். டின் என்றால் அடியில் உள்ள எழுத்துகளைப் படம் எடுத்துக்கொண்டாலே போதும். கடை ரசீதையும் கூடவே எடுத்துவிடுங்கள், வெயில் பட்டால் எழுத்து மங்கிவிடும்.

சந்தேகம் வந்தால் எஃப்டிஏவின் பாதுகாப்புப் புகார் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், அல்லது உங்கள் மாநிலத்துக்கான நுகர்வோர் புகார் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்யலாம். நிரூபணம் எதுவும் தேவையில்லை, கட்டணமும் இல்லை. உணவின் முழுப்பெயர், லாட் எண், காலாவதித் தேதி, எங்கே எப்போது வாங்கினீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள், எவ்வளவு மிச்சம், நாய்க்கு என்ன ஆனது, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். மருத்துவக் குறிப்பு இருந்தால் புகாருக்கு வலு கூடும். ஒரு வீட்டுப் புகாரில் எதுவும் தெரியாமல் போகலாம். ஒரே லாட் எண்ணோடு நாலு மாநிலத்திலிருந்து நாலு புகார் வந்தால் அதிகாரிகள் ஆலைக்குக் கிளம்புகிறார்கள். அதனால் "நம்ம ஒரு நாய்க்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

மிச்ச உணவில் கொஞ்சத்தை எடுத்து மூடி, பெயர் எழுதி, யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். விசாரணைக்குக் கேட்கலாம். மற்றதை வேறு விலங்குக்கோ காப்பகத்துக்கோ கொடுக்காமல் இறுக்கக் கட்டி, மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள். கிருமி பற்றிய ரீகால் என்றால் கிண்ணம், கரண்டி, டப்பா எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். 2012-இல் தென் கரோலினாவின் ஒரு ஆலையில் தயாரான நாய் உணவிலிருந்த சால்மோனெல்லா, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 49 மனிதர்களை நோயில் தள்ளியது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நாயின் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றிக் கேட்பீர்கள். எஃப்டிஏ இழப்பீடு வாங்கித் தராது. உணவின் விலையை நிறுவனம் வழக்கமாகத் திருப்பித் தரும். மருத்துவச் செலவுக்கு நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம், அல்லது சிறு வழக்கு நீதிமன்றம் போகலாம். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் செல்லப்பிராணி சட்டத்தின் கண்ணில் ஒரு உடைமைதான். மன வேதனைக்குப் பணம் கிடைப்பது அரிது, மருத்துவமனை பில்லுக்குத்தான் மதிப்பு. 2007 விவகாரத்தில் கூட்டு வழக்குத் தொடுத்தவர்களுக்கு 2008-இல் 2.4 கோடி டாலர் நிதி ஒதுக்கப்பட்டது. ரசீது காட்ட முடியாத செலவுக்கு 900 டாலர்தான் உச்சவரம்பு.

ஊரில் இருக்கும் சொந்தங்கள் இந்தியாவில் எப்படி என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் "உணவு" என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கிவிட்டது. அதனால் மனித உணவுக்கான ரீகால் விதிகள் நாய் உணவைத் தொடுவதில்லை. அங்கே கைகொடுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்குக் கட்டணம் கிடையாது.