மினிமம் பேலன்ஸ் என்று வங்கி பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்த்தால் நடுவில் ஒரு வரி இருக்கும்: மினிமம் பேலன்ஸ் சார்ஜ் இத்தனை ரூபாய், கூடவே 18 சதவீத ஜிஎஸ்டி. நூறு நாள் வேலைக் கூலியோ பிள்ளையின் உதவித்தொகையோ வந்து விழுந்த கையோடு பிடித்திருப்பார்கள். பெரும்பாலானவர்கள் "ரூல் அப்படித்தான் போல" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ரூலில் வாடிக்கையாளருக்குச் சாதகமான பகுதிகள் நிறைய இருக்கின்றன, கவுன்டரில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் இதற்கென்றே ஒரு உத்தரவு போட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இருப்பு குறைந்த உடனே அபராதம் பிடிக்கக் கூடாது. முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலமாக, இருப்பு குறைந்துவிட்டது, ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அபராதம் விழும் என்று தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு தந்த நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுத்த பிறகுதான் பிடிக்கலாம். "பிடித்துவிட்டோம்" என்று வரும் எஸ்எம்எஸ் இந்த அறிவிப்பு ஆகாது. உங்கள் போனில் பழைய எஸ்எம்எஸ்களைத் தேடிப் பாருங்கள், பல பேருக்குப் பணத்தைத் திரும்பக் கேட்க இந்த ஒரு காரணமே போதும்.

அபராதத் தொகையும் குறைந்த அளவுக்கு ஏற்றபடிதான் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, மாதச் சராசரியாக 5,000 ரூபாய் இருக்க வேண்டிய கணக்கில் 4,800 இருந்தால் குறைவு 200 ரூபாய்தான். வங்கி 6 சதவீதம் என்று வைத்திருந்தால் அபராதம் 12 ரூபாய். ஒன்றுமே இல்லாதவருக்கு அதே கணக்கில் 300 ரூபாய் வரும். இத்தனையிலிருந்து இத்தனை வரை குறைந்தால் இவ்வளவு என்று படிப்படியாக வைத்துக்கொள்ள வங்கிக்கு அனுமதி உண்டு, ஆனால் 200 ரூபாய் குறைந்தவருக்கும் 5,000 ரூபாய் குறைந்தவருக்கும் ஒரே தொகை என்றால் அது விதிமீறல். இன்னொன்று, அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகவே கூடாது. 40 ரூபாய் இருக்கும் கணக்கில் 150 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 177 பிடித்து, இருப்பு மைனஸ் 137 என்று காட்டினால் அந்த மைனஸ் செல்லாது. இரண்டு வருடத்துக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் முடங்கிப்போன கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதமே கூடாது, அதைத் திரும்ப உயிர்ப்பிக்கவும் கட்டணம் கிடையாது. இவை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள உத்தரவிலும் தெளிவாக இருக்கின்றன.

உங்கள் வங்கி இந்த அபராதத்தையே கைவிட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்குகளுக்கு இதை ரத்து செய்தது, கனரா வங்கி 2025 ஜூனிலும் இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் ரத்து செய்தன. தனியார் வங்கிகளில் கவனம் தேவை. வேலையை விட்டபின் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறிவிடும், மாறியதே நிறைய பேருக்குத் தெரியாது, அங்கேதான் மாதாமாதம் ஓசையில்லாமல் பணம் போய்க்கொண்டிருக்கும்.

சரி, எப்படிக் கேட்பது? முதலில் வங்கியிடமே எழுத்தில் கேட்க வேண்டும், வாயால் கேட்டதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. ஸ்டேட்மென்ட் எடுத்து, பிடித்த தேதி, தொகை, ஜிஎஸ்டி எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். "அபராதம் ரொம்ப அதிகம், நான் ஏழை, தயவு செய்து திருப்பித் தாருங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு கட்டணம் வைப்பது என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் தலையிட முடியாது என்று பின்னால் தள்ளுபடி செய்துவிட வாய்ப்பு இருக்கிறது. விதியைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: "இந்தத் தேதிகளில் என் கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கப்பட்டுள்ளது. அதற்கு ஒரு மாதம் முன்பு எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அறிவிப்பு அனுப்பியிருந்தால் தேதியுடன் அதன் நகலையும், அபராதம் கணக்கிட்ட விதத்தையும் தரவும். இல்லையென்றால் ஜிஎஸ்டி உட்பட முழுத் தொகையையும் திருப்பி வரவு வைக்கவும்." கிளையில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்பிப் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். நிறைய விஷயம் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், ஏனென்றால் அந்த நகல் தங்களிடம் இல்லை என்பது வங்கிக்கே தெரியும்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், அடுத்தது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மேன். முன்பு வங்கிக்கு ஒன்று, நிதி நிறுவனத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தவற்றை 2021 நவம்பர் 12 அன்று ஒன்றாக்கினார்கள். கட்டணம் ஒரு பைசா இல்லை. ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் இணையதளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் பெறும் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், எந்த மொழியிலும் எழுதலாம், ஆகவே தாராளமாகத் தமிழிலேயே எழுதுங்கள். விவரம் கேட்க 14448 என்ற எண். வக்கீல் மூலமாகப் புகார் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள், நீங்களே கொடுக்க வேண்டும். வங்கியிடம் எழுதிக் கேட்காமல் நேரே இங்கே வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அங்கேயும் சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஊர்வழக்கில் நுகர்வோர் கோர்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஒரே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் சாதாரண மனிதருக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விஷயத்துக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. நேரில் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். பிடித்த பணத்தோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்தே கேளுங்கள், 600 ரூபாய்க்காக அலைய வைத்ததற்கு வங்கி பதில் சொல்லத்தான் வேண்டும். ஸ்டேட்மென்ட், புகார் நகல், வங்கியின் பதில், ஆம்புட்ஸ்மேன் முடிவு இவையெல்லாம் இணைப்பாகப் போக வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். இங்கே வழக்குப் போட இரண்டு வருடக் கெடு உண்டு, எனவே பழைய பிடித்தங்களைக் கேட்பதாக இருந்தால் ஆம்புட்ஸ்மேனிடம் போகும்போதே இந்தத் தேதியையும் மனதில் வையுங்கள்.

இதற்கிடையில் அதே கணக்கில் மேலும் பிடிக்காமல் இருக்க, அடிப்படை சேமிப்புக் கணக்காக, அதாவது ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். எல்லா வங்கியும் இந்தக் கணக்கைத் தந்தாக வேண்டும், ஏடிஎம் கார்டும் இலவசம். அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை, இருந்தால் அதை முதலில் மூடிவிடுங்கள்.