அந்த மவுஸை அவர் கையில் கொடுங்கள்

மறுபடியும் அதே கோப்பு. ஒரு நூலகத்தின் மொத்தப் பட்டியலிலும் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண்) இருக்க வேண்டிய இடத்தில் 9.79, பக்கத்தில் ஓர் ஆங்கில ஈ, அப்புறம் +12. வரிசை வரிசையாக அதேதான். தமிழ்த் தலைப்புகள் எல்லாம் புரியாத கிறுக்கல். "ஊழியர் அனைவருக்கும் கணினிப் பயிற்சி முடிந்தது" என்று சான்றிதழ் மாட்டிய இடங்களிலிருந்துதான் இவை வருகின்றன.

நடப்பது இதுதான். நூலக மென்பொருளிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டபுள் கிளிக் செய்து எக்செலில் திறக்கிறார்கள். 13 இலக்க எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். அதுவரை சேதமில்லை. அப்படியே சேவ் கொடுத்தால் சுருங்கிய எண்தான் கோப்பில் நிற்கும். 9788 என்று தொடங்கும் புத்தகமெல்லாம் அடுத்த முறை திறக்கையில் 9790000000000. (979-0 அச்சிட்ட இசைக் குறிப்புகளுக்கு ஒதுக்கியது. கவிதை, சமையல், இலக்கணம் எல்லாம் இசைத்தாளாகிவிட்டன!) இதைத் திரும்ப ஏற்றும்போது மென்பொருள் ஐஎஸ்பிஎன்னை வைத்து ஒப்பிட்டால் நூறு புத்தகம் ஒரே பதிவில் போய் விழும். 00457 என்ற அக்சஷன் நம்பர் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் கொடுக்கும் பதிவு எண்) 457 ஆகும். புத்தகத்தில் ஒட்டிய பார்கோடு பிறகு எதனோடும் பொருந்தாது.

டபுள் கிளிக் வேண்டாம். வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனு வழியாகக் கோப்பை உள்ளே எடுங்கள். தமிழ் கிறுக்கலாகாமல் இருக்க மொழிக் குறியாக்கம் 65001, அதாவது யுடிஎஃப்-8. எண்கள் உள்ள பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். அதற்கும் முன்னால் மூலக் கோப்புக்கு ஒரு நகல். இவ்வளவுதான். கையால் மூன்று தடவை செய்தவர் மறக்க மாட்டார். திரையில் முப்பது தடவை பார்த்தவருக்கு நினைவிருக்காது.

எனக்கு எரிச்சல் மூட்டும் வாக்கியம் ஒன்று உண்டு: "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார், போன்ல எல்லாம் பார்ப்பான்." போனில் விரல் ஓடுவது வேறு, கணினி தெரிவது வேறு. போனில் படம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. 'ஷேர்' தொட்டால் போய்விடுகிறது. நூலகக் கணினியிலோ கோப்பு எந்த ஃபோல்டரில், எந்த வடிவத்தில், எத்தனை கேபியில் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு விண்ணப்பத்தைக்கூட ஏற்ற முடியாது. சரி, அந்தப் பையன் கெட்டிக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அவன் விடுப்பில் போகும் நாளில் இரவல் மேசை நின்றுவிடுகிறதே? இருபது வருடம் பதிவேடு எழுதிய கைக்குத்தான் ஓர் எண்ணைப் பார்த்ததும் "இது தப்பாச்சே" என்று உறைக்கும். அந்த ஊழியரை நாற்காலியில் உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்வது வீண்.

அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகம் 2006-ல் ஊழியர்களுக்கு 23 சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தது. வலைப்பூ தொடங்கு, படம் ஏற்று, இந்த மாதிரி. அவரவர் வேகத்தில், அவரவர் கையால். மற்ற நூலகங்களும் பிறகு அதையே எடுத்தாண்டன. அந்தக் கருவிகளில் பல இன்று வழக்கொழிந்துவிட்டன. முறை அப்படியே உதவும்.

ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு கணினி. வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு வேலை. அடுத்த வாரம் முதல் பத்து நிமிடம், போன வார வேலையை யார் உதவியுமின்றிச் செய்ய வேண்டும். படிகளை அவரே தன் கையெழுத்தில் நோட்டில் எழுதட்டும். அச்சடித்த கையேட்டைப் பிறகு யாரும் பிரிப்பதில்லை. பழகுவதற்கு ஐம்பது புத்தகம் கொண்ட தனித் தரவுத்தளம் போதும். உண்மையான பட்டியலில் பழகவே கூடாது. பயிற்றுநரே, தயவுசெய்து கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். "இங்க குடுங்க, நான் செஞ்சு காட்டறேன்" என்று மவுஸைப் பிடுங்கும் கணத்தில் பயிற்சி முடிந்துவிட்டது.

ஸ்கேனர் 'ரிப்பேர்' என்று வரும் புகார்களில் பாதி ரிப்பேரே இல்லை. பெரும்பாலான பார்கோடு ஸ்கேனர் கணினியின் கண்ணுக்கு ஒரு விசைப்பலகைதான். எண்ணைத் தட்டிவிட்டு என்டரும் தட்டும். தலைப்பைத் தமிழில் அடித்துவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால், எழுத்து கலந்த பார்கோடு குளறும். கர்சர் வேறு கட்டத்தில் நின்றால் எண் அங்கே போய் விழும். நோட்பேடைத் திறந்து ஒரு தடவை ஸ்கேன் செய்து பாருங்கள். எண் சரியாக விழுந்தால் ஸ்கேனரைப் பெட்டியில் கட்ட வேண்டாம்.

வாசகர் உட்காரும் கணினிக்கு வேறு கண்டிப்பு. ஜன்னலை மூடுவது லாக் அவுட் ஆகாது. அடுத்து வருபவர் அதே மெயிலுக்குள் நுழையலாம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாருடைய அடையாள அட்டை நகலோ கிடக்கும். ஒருவர் எழுந்ததும் அவருடைய அமர்வு தானே அழியும்படி அமையுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் அவரே அடிக்கட்டும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும், அவரே கெஞ்சினாலும், நீங்கள் அடிக்காதீர்கள். நாளை அவர் பணம் காணாமல் போனால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். அந்த வார ஒரு மணி நேரத்துக்கு இரவல் மேசையை மூடி, வாசலில் நேரம் எழுதிய பலகை தொங்கவிட அனுமதி கொடுங்கள். ஒரு கண் வரிசையில் நிற்கும் வாசகர் மேல், ஒரு கண் திரை மேல் என்று யாராலும் கற்க முடியாது.