சொல் விளக்கம்: எம்.டி.யூ – பொதி உச்சவரம்பு

ஒரு நெட்வொர்க் இணைப்பு, துண்டு போடாமல் ஒரே தடவையில் தாங்கும் மிகப் பெரிய பொதி, அதாவது தரவுக் கட்டு, எத்தனை பைட் என்று சொல்லும் எண்தான் எம்.டி.யூ. விரித்தால் ‘மேக்சிமம் டிரான்ஸ்மிஷன் யூனிட்’. கம்பிவழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் வழக்கம் 1500. ஸ்டோரேஜ், அதாவது தரவுச் சேமிப்புக் கருவிகளின் போக்குவரத்துக்கு 9000 வரை உயர்த்துவார்கள். அப்படிப் பெரிதாக்கிய கட்டுக்குப் பெயர் ஜம்போ ஃபிரேம்.

எம்.டி.யூ.வை ‘அதிகபட்சப் பரிமாற்ற அலகு’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அலகு என்றதும் கிலோ, மீட்டர்தான் நினைவுக்கு வரும். இங்கே யூனிட் என்பது அனுப்பும் கட்டு. தரவுக் கட்டுக்குப் ‘பேக்கெட்’ என்று 1960களில் பெயர் வைத்தவர் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ். தமிழில் அதற்குப் பொதி கச்சிதம். பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொதிசோறு அப்படி வந்ததுதான். சிலர் சிப்பம் என்கிறார்கள். மதுரை கீழமாசி வீதியில் சிப்பம் கேட்டால் எடை முடிவான அரிசி மூட்டை வரும். தரவுப் பொதியோ 40 பைட்டிலும் இருக்கும், 1500லும் இருக்கும். உச்சவரம்பு என்ற சொல், 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தால் மேலூர், உசிலம்பட்டிச் சம்சாரிகள்வரை தெரிந்தது. ஆகவே பொதி உச்சவரம்பு.

மதுரையின் வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் மெய்நிகர் சர்வர் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் சர்வர்) பார்ப்பவர்களுக்கு இது வெறும் பெயர்ச் சிக்கல் இல்லை. மெய்நிகர் எந்திரம், மெய்நிகர் ஸ்விட்ச், நெட்வொர்க் கார்டு, வெளி ஸ்விட்ச், ஸ்டோரேஜ் எல்லாம் 9000 இருக்க, நடுவில் ஒன்று மட்டும் 1500 என்றால் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைப் பொதி) போகும், லாகின் ஆகும், பெரிய கோப்பை நகலெடுத்தால் அப்படியே நின்றுவிடும். சின்னப் பொதிகள் நுழைந்துவிடுவதால் பழுது எங்கே என்றே பிடிபடாது. ரவுட்டராவது ‘பொதி பெரிது’ என்று ஐ.சி.எம்.பி. (நெட்வொர்க் பழுதைச் சொல்லும் நெறிமுறை) செய்தி திருப்பி அனுப்பும். ஸ்விட்ச் சொல்லாமல் பொதியைத் தூக்கி எறிந்துவிடும். ஃபயர்வாலில் ஐ.சி.எம்.பி.யை மொத்தமாக அடைத்தால், ரவுட்டர் சொல்வதும் வந்து சேராது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ‘துண்டு போடாதே’ என்ற குறியோடு 8972 பைட் பிங் அனுப்புங்கள். பொதியின் முன்னால் ஒட்டும் முகவரி விவரங்களான ஐ.பி. தலைப்பு 20, ஐ.சி.எம்.பி. தலைப்பு 8 சேர்ந்தால் 9000. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் தனித்தனியாகப் பாருங்கள். எம்.டி.யூ.வை உயர்த்தும்போது வெளி ஸ்விட்சில் தொடங்கி மெய்நிகர் எந்திரத்தில் முடியுங்கள், குறைக்கும்போது தலைகீழ். வி.எக்ஸ்.லேன் (ஒரு நெட்வொர்க்கின் பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அனுப்பும் முறை) இருந்தால் அப்புறம் இன்னொரு கணக்கு உண்டு: அது 50 பைட் கூடுதல் தலைப்பு போடும். அதனால் உள்ளே 1450 ஆக்குங்கள், அல்லது வெளியே 1550க்குக் குறையாமல் வையுங்கள்.