கம்பைலர், இன்டர்பிரெட்டர்: ‘வரிக்கு வரி’ எவ்வளவு சரி?

நாம் எழுதும் நிரல் முழுவதையும் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். நிரலைப் பொருள்கொண்டு அப்போதே இயக்குவது இன்டர்பிரெட்டர். இன்டர்பிரெட்டர் ‘வரிக்கு வரி’ இயக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரியா என்று சொற்களிலிருந்தே பார்ப்போம். கம்பைலர் என்பதன் வேர் லத்தீன் ‘கம்பிலாரே’. முதற்பொருள் கொள்ளையடித்தல், பிறகு பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தல் என்றானது. கணினிக்கு இச்சொல் வந்தது அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் வழியாக. 1952இல் அவர் உருவாக்கிய ஏ-0, நூலகத்தில் இருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்துத் தந்தது. எனவே ‘தொகுப்பி’ அதன் பிறப்புக்குப் பொருந்தும். இன்றைய வேலைக்கு ‘நிரல்பெயர்ப்பி’ இன்னும் பொருந்தும். தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளாகத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்கிறது. முதலும் கடைசியும் இந்த ஒரே கருவிக்குள் இருக்கின்றன.

இன்டர்பிரெட்டர், லத்தீனில் இருவருக்கு நடுவே நின்று பேசி முடிப்பவர். பழைய வழக்கில் துபாஷி. இதற்கு ‘வரிமொழிமாற்றி’ என்ற சொல் புழங்குகிறது. ஃபங்ஷனல் நிரலாக்கம், அதாவது சார்புகளைக் (ஃபங்ஷன்) கோத்து நிரல் எழுதும் முறை, படிப்பவரை இந்த ‘வரி’தான் குழப்புகிறது. லிஸ்ப் என்ற நிரல்மொழியை வடிவமைத்த ஜான் மெக்கார்த்தி, கோவைகளை மதிப்பிடும் ‘இவால்’ என்ற சார்பை எழுதினார். அதை ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704 கணினியின் இயந்திர மொழிக்குக் கையால் மாற்றினார். லிஸ்பின் முதல் இன்டர்பிரெட்டர் அதுதான். அது வரியைப் பார்க்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த முழுக் கோவையை எடுத்து மதிப்பிட்டது.

செய்யுள் இலக்கணத்தில் இதற்கு நல்ல சொற்கள் உண்டு. தாமிரபரணி ஓட்டம்போல் முன்னிருந்து பின்னாக நேரே பொருள் கொண்டால் ஆற்றுநீர்ப் பொருள்கோள். வேண்டிய சொல் எந்த அடியில் இருந்தாலும் எடுத்துக் கூட்டினால் கொண்டுகூட்டு. ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியின் நிரல் கொண்டுகூட்டு வகை: ஒரு சார்பின் விளக்கம் கோப்பின் அடியில் இருந்தாலும் அதை மேலே பயன்படுத்தலாம். அதனால் இன்டர்பிரெட்டருக்குப் ‘பொருள்கோளி’ என்பதே எங்கள் பரிந்துரை.

‘வரிக்கு வரி’ பொருந்தாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. தினசரி நீர்மட்டப் பட்டியலை நிரலுக்குள்ளேயே எழுதி, ஒவ்வொன்றையும் 143இலிருந்து கழிக்கிறோம். மூன்றாம் நாள் பதிவில் எண்ணுக்குப் பதில் ‘98.5 அடி’ என்ற சரம் (எழுத்துத் தொடர்) புகுந்துவிட்டது என்று வையுங்கள். பைத்தான் மொழியில் இரண்டு நாள் விடை அச்சாகி, மூன்றாவதில் நிற்கும். ஹாஸ்கெலின் பொருள்கோளியான ஜிஹெச்சிஐ அந்தக் கோப்பை ஏற்றவே மறுக்கும். இயக்குவதற்கு முன்பே முழுக் கோப்பின் வகைகளையும், அதாவது எது எண், எது சரம் என்பதை, அது சரிபார்க்கிறது. பைத்தானும் வரிக்கு வரி போவதில்லை: கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் முதல் வரிகூட ஓடாது. முழுக் கோப்பும் முதலில் பைட்கோடாக, அதாவது இயக்குவதற்கான இடைநிலைக் குறிமொழியாக, மாற வேண்டும்.

அப்படியானால் எதை எடுப்பது? எழுதும்போது ஜிஹெச்சிஐ. சார்பை மாற்றி, கோலன் ஆர் (:r) தட்டி மறுபடி ஏற்றி, ஒரே ஒரு மதிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். கோலன் டி (:t) தட்டிக் கோவையைக் கொடுத்தால் அதன் வகை தெரியும். வேகத்தை மட்டும் அங்கே அளக்காதீர்கள். அது வழக்கமாகப் பைட்கோடாகத்தான் ஓட்டும், மேம்படுத்தல் செய்யாது. ஒரு கோடி எண்களை ‘ஃபோல்ட்எல்’ (foldl: பட்டியலை இடமிருந்து ஒரே மதிப்பாகச் சுருக்கும் சார்பு) கொண்டு கூட்டினால், கூட்டப்படாத கணக்குகள் சங்கிலியாகச் சேர்ந்து நினைவகம் வீங்கும். அதே நிரலை ஹாஸ்கெலின் தொகுப்பியான ஜிஹெச்சியில் ஓ2 (-O2) என்ற மேம்படுத்தல் தெரிவோடு தொகுத்தால், இந்தக் கூட்டலை உடனே செய்துவிடலாம் என்பதைத் தொகுப்பியே கண்டறிந்து, இறுக்கமான சுழலாக மாற்றிவிடும். அதை நம்பியிருக்க வேண்டாம் என்றால், பெயரின் முடிவில் ஒற்றை மேற்கோள்குறி கொண்ட ‘ஃபோல்ட்எல்’லை (foldl') எழுதுங்கள். அது ஒவ்வொரு படியிலும் கூட்டி முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும், இரண்டு கருவியிலும்.